அனுபோகதாரர்: எவருமில்லை

கடலூர், அரியலூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் பழுப்பு நிலக்கரிக்காக இன்றோ நாளையோ நிலப்பட்டியல் எழுத உட்காரப்போகும் கிராம நிர்வாக அலுவலர்கள், நில அளவர்கள், சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் அனைவருக்கும்.

தம்பி தங்கைகளே,

இருபத்துநான்கு வருஷம் நான் பார்த்ததும் உங்கள் வேலைதான். கிராமக் கணக்கு எழுதினேன். அடங்கலைப் பாதி நாள் தேநீர்க் கடை பெஞ்சில் வைத்தே எழுதினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜமாபந்திக்கு இரண்டு நாள் இருக்கும்போது ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டு மாதக் கணக்கையும் ஒரே மூச்சில் முடித்த பசலியும் உண்டு. ஜூலை மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் மை நிறம் துளிகூட மாறவில்லையே என்று அந்த வருஷம் வந்த அதிகாரி பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

பட்டா நிலம் என்றால் இப்படி எழுத முடியாது. ஒரு சென்ட் குறைந்தால் உரியவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். புறம்போக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. ‘அ’ பதிவேட்டில் பெயர்க் கட்டத்தில் அரசு. பயிர் இல்லை, தீர்வை இல்லை. மேலே ஒரு தடவை ‘தரிசு’ என்று எழுதிவிட்டுக் கீழே முழுக்க மேற்படி, மேற்படி என்று இழுத்துவிடலாம். இந்த மடல் அந்த மேற்படியைப் பற்றியது. புறம்போக்கு என்ற சொல் வசவாகிப்போன கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விடுகிறேன். எனக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

என் பிர்காவில் ஓர் ஏரி. உள்வாயை ஒட்டி நாலரை ஏக்கர், தீர்வை ஏற்படாத தரிசு. ஒருநாள் ஏதோ ஒரு தொழிற்பேட்டைக்கு நிலம் பார்க்கிறார்கள் என்று தகவல் கேட்டு ஓலை வந்தது. படிவத்தில் அனுபோகதாரர் என்று ஒரு கட்டம். ‘எவருமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. கணக்கில் அப்படித்தான் இருந்தது, கணக்கை எழுதியவனும் நான்தான்.

இரண்டு வருஷம் கழித்து, அந்த நிலம் போன பிறகு, சந்தையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பக்கத்து ஊர்க் குயவர். சித்திரையில் ஏரி வற்றியதும் அந்த நாலரை ஏக்கரில்தான் அவர் மண் எடுப்பார், அவர் அப்பாவும் அங்கேதான் எடுத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கோபமே படவில்லை அவர். லோடு ஆட்டோவில் விலைக்கு வாங்கி வந்த மண் ஒரு சாக்கில் இருந்தது. ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் திரித்தார். சுண்டுவிரல் கனத்துக்கு வந்ததும் அதை வளைத்துக் காட்டினார். வளைந்த இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்தது. “இது செங்கல்லுக்கு ஆவும் சார், சட்டிக்கு ஆவாது” என்றார். அதோடு சரி. பேச்சை மாற்றி என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

அவருக்கு இழப்பீடு எதுவும் கிடையாது. அந்த ஊர்க்காரரும் இல்லை, நில உரிமையாளரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஆள். அவரை ஏற்றாமல் விட்ட கை என்னுடையது.

சரி, உங்கள் மாவட்டங்களுக்கு வருகிறேன். 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என்று தமிழ்நாட்டின் மூன்று பகுதிகள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியது, சட்டப்பேரவை வரை போனது, அடுத்த சில நாட்களிலேயே மூன்றும் கைவிடப்பட்டன. நல்லது. ஆனால் மண்ணுக்கடியில் இருக்கிற நிலக்கரி எங்கேயும் போய்விடவில்லை. நெய்வேலி நிறுவனத்தின் மூன்றாவது சுரங்கத்துக்கு 26 கிராமங்களில் 12,125 ஏக்கர் என்ற பேச்சும் அதே காலத்தில் ஊரெல்லாம் அடிபட்டது. ஜெயங்கொண்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் நிலம் எடுத்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித்தர அரசே முடிவெடுத்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. வந்தால் முதலில் கேட்கப்படுவது நிலப்பட்டியல், அது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

சுரங்கமே வேண்டாம் என்று சொல்லும் மடல் இல்லை இது. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வலுவான காரணங்களும் இருக்கின்றன. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வந்தது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததை என் அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது எரிகிற குழல்விளக்கிலும் நெய்வேலி கொஞ்சம் இருக்கக்கூடும். நான் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். போகப்போகும் நிலத்தில் புறம்போக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதாமல், அதை யார், எந்த மாதம், எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் அறிக்கைகளில் நிலப் பயன்பாட்டு அட்டவணை எப்படி வருகிறது என்பது ஆய்வு நிறுவனத் தம்பிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுரங்கப் பகுதி, அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். செயற்கைக்கோள் படம் ஒன்றை வாங்கி நிறம் பிரித்து விளைநிலம், நீர்நிலை, குடியிருப்பு, தரிசு என்று சதவீதம் போடுவது. களத் தரவு ஒரு பருவத்துக்கு, அதுவும் மழை இல்லாத பருவத்துக்கு. வானம் தெளிவாக இருக்கிற சித்திரை, வைகாசிப் படம்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

அந்தப் படத்தில் கடலூர்ச் சீமை எப்படித் தெரியும்? தை அறுவடை முடிந்து, அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் பிடுங்கியாகி, பங்குனி தாண்டினால் வயல் வெள்ளையாகக் கிடக்கும். ஏரி உள்வாய் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மேலே இருந்து பார்க்கிற யாருக்கும் ‘தரிசு’ என்று எழுதத்தான் தோன்றும்.

அதே வைகாசியில் கீழே இறங்கி நடந்து பாருங்கள். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரியின் கிடை அந்த வெள்ளை வயலில் கிடக்கும். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வயல்காரர் கொடுத்துக் கிடை போடச் சொல்லியிருப்பார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த சம்பாவுக்கு அடியுரம். பகலில் அந்த ஆடுகள் மேய்வது வாய்க்கால் கரையில், ஏரிக்கரையில், மேய்க்கால் புறம்போக்கில். பகல் மேய்ச்சல் இல்லாவிட்டால் இரவுக் கிடை இல்லை. பட்டா நிலத்தின் விளைச்சலில் புறம்போக்கின் பங்கு இப்படித்தான் சேர்கிறது. அறுப்பு முடிந்த தாளடியில் வாத்து ஓட்டி வருகிறவரும் இந்தக் கணக்கில் வருவார். இவர்களில் ஒருவர்கூட உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கமாட்டார். இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிற நாளில் அவர் எங்கே இருப்பாரோ.

உள்ளூர்க்காரர்களை எடுத்துக்கொண்டாலும் எழுத நிறைய இருக்கிறது. ஏரியில் மீன்பாசிக் குத்தகை யாருக்கு, கரைக் கருவேலம் யார் ஏலத்தில், புறம்போக்குப் புளியமரத்துக்கு 2சி பட்டா யார் பெயரில், பி மெமோ கட்டிக்கொண்டு எத்தனை வருஷமாக யார் கத்தரிக்காய் போடுகிறார்கள் என்பதெல்லாம் எங்கோ ஒரு காகிதத்தில் இருக்கும். தேடினால் கிடைக்கும். காகிதத்திலேயே ஏறாதவை இன்னும் அதிகம். விடிகாலையில் பெண்கள் ஒரு கட்டுப் புல் அறுத்து வருகிற வரப்போரம், கோரை பிடுங்குகிற ஓடை, நெல்லும் எள்ளும் காயவைக்கிற களம், அந்தப் பக்கத்துத் தெரு மயானத்துக்குப் போகிற வண்டிப்பாதை. இந்தக் கடைசியில் சாதியும் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு இரண்டு மயானம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வரைபடத்தில் ஏறியிருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

பட்டா இல்லாதவர்களுக்குப் புறம்போக்குதான் பட்டா. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. என்.எஸ். ஜோதா என்ற பொருளியலாளர் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிக் கிராமங்களில் கணக்கெடுத்து 1986-இல் வெளியிட்டார். ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் வரை பொது நிலத்திலிருந்தும் பொது நீர்நிலையிலிருந்தும் வந்ததாக அவர் கண்டார். கடலூர் அந்த அளவுக்கு வறண்ட சீமை இல்லை, எண் அப்படியே பொருந்தாது. ஆனால் எண் பூஜ்யம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் எழுதுவது பூஜ்யம்.

புறம்போக்குக்கு விலையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நில மாற்றம் செய்யும்போது மதிப்புப் போடுகிறார்கள், நிறுவனம் பணம் கட்டுகிறது. அது கருவூலத்துக்குப் போகிறது. புல் அறுத்தவளுக்குப் போவதில்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், மயானம், மந்தை, தோப்பு ஆகியவற்றை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. விலக்கி எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது என்பது வேறு விஷயம். உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித்தர மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி எத்தனை குடிசைகளுக்கு நோட்டீஸ் போனது என்று எனக்குத் தெரியும், சிலவற்றை நானே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். குடிசைக்கு எதிராகப் பேசிய அந்தத் தீர்ப்பு சுரங்கத்தின் முன்னால் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சமூகத் தாக்க மதிப்பீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. மாட்டுக்குக் குடிநீர் கிடைக்கும் இடம், ஊர்க்குளம், மேய்ச்சல் தரை, ரேஷன் கடை, மயானம் வரை அதில் வருகிறது. நிலம் இல்லாவிட்டாலும் அதை நம்பிப் பிழைக்கிற விவசாயத் தொழிலாளர், வாரதாரர், கைவினைஞர், நீர்நிலையை நம்பி வாழ்கிறவர் ஆகியோர் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது. என் குயவர் அங்கே இருக்கிறார். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தின் கடைசியில் நான்காவது அட்டவணை என்று ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு நிலக்கரிப் பகுதிகள் சட்டம் அதில் இருக்கிறது, அதன்படி நிலம் எடுத்தால் இந்த மதிப்பீடு தேவையில்லை. தமிழ்நாட்டுக்கென்று 1997-இல் வந்த தொழில்துறை நில எடுப்புச் சட்டத்தின் வழியாகப் போனாலும் தேவையில்லை. அதற்கு மேல் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை இன்னொன்றை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து ஒருங்கிணைத்துக்கொள்ளலாம். டெல்டாவைப் பாதுகாக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரங்களுக்கும் பொருந்தும். எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எல்லாம் அதன் தடைப்பட்டியலில் அப்போதே பெயர் சொல்லி வந்துவிட்டன, நிலக்கரிச் சுரங்கத்தின் பெயர் அப்போது வரவில்லை. ஆக, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் நீங்கள் நின்று எழுதப்போகிறீர்கள். கட்டாயம் இல்லை என்பதால் எழுதக் கூடாது என்று பொருளா? அடங்கலில் குறிப்புக் கலம் என்று ஒன்றை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வைத்திருக்கிறோம். அதில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பட்டாதாரருக்கு மட்டும்தான் கணக்கு என்பதும் உண்மையில்லை என்று வளையமாதேவி காட்டியது. 2023 ஜூலை 26-ஆம் தேதி பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காகப் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, எங்களுடையது என்றது நிறுவனம். உயர் நீதிமன்றமோ பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் பயிர் வைத்தவருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று அங்கே ஒத்துக்கொள்ளப்பட்டது. அந்த வயலின் வாய்க்கால் கரையில் புல் அறுத்தவருக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்? வித்தியாசம் ஒன்றுதான். நெற்பயிரைக் கேமரா பார்த்தது.

வாய்க்கால் என்றதும் ஒன்று. நீர்நிலையை ஏக்கரில் எழுதாதீர்கள். ‘ஏரி, 62 ஏக்கர்’ என்று எழுதினால் படிக்கிற தில்லி அதிகாரி வேறு இடத்தில் 62 ஏக்கர் குளம் வெட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். வரத்து வாய்க்கால் எந்த ஊரிலிருந்து, கலங்கல் வழிந்தால் எந்த ஏரிக்கு, மதகு எத்தனை, கடைமடை எது என்று எழுதினால்தான் அது ஏரி. நடுவில் ஒன்றைத் தோண்டினால் மேலே இருக்கிற ஊரில் தண்ணீர் நிற்கும், கீழே இருக்கிற ஊருக்கு வராது. இரண்டு ஊருமே சுரங்க எல்லைக்கு வெளியே இருக்கும், அதனால் இரண்டும் பட்டியலில் வராது. 2015 நவம்பரில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடியில் இருக்கிற நீரும் அப்படித்தான். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீர், சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வரக்கூடியது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக இறைத்தாக வேண்டும், சுரங்கம் இருக்கிற காலமெல்லாம். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனத்துக்கும் பயன்படுகிறது, அதை நம்பி நடவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தானாகப் பொங்கி வந்த நீர் ஒரு நிறுவனத்தின் குழாய் திறந்தால் வரும் நீராக மாறுவதும் நிலப் பயன்பாட்டு மாற்றம்தான். பம்பு ஆழம் கூடக்கூட நெல்லை விட்டுவிட்டுச் சவுக்கு வைக்கிறவர் ‘அ’ பதிவேட்டில் நஞ்சைக்காரராகவே இருப்பார். உங்கள் அட்டவணை அவரை விளைநிலம் என்று எண்ணிவிட்டு மாற்றம் ஏதுமில்லை என்று சொல்லும்.

சுரங்கம் முடிந்த பிறகு மண்மேட்டில் மரம் நடுவார்கள், அறிக்கையில் ‘பசுமைப் பரப்பு’ என்று வரும். மரம் நல்லதுதான். அந்தப் பசுமைக்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்று அடுத்த முறை யாராவது கேட்டுப் பாருங்கள், காவலாளி பதில் சொல்வார். புறம்போக்காகப் போனது புறம்போக்காகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு நேரம் கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் படிவம் வரும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வேண்டும் என்பார்கள். ஆய்வு நிறுவனத் தம்பிகளுக்கு ஒரு ஊருக்கு அரை நாள்தான் வாடகைக் கார். இந்த வேலையைச் செய்கிற யாரும் கெட்ட எண்ணத்தோடு தரிசு என்று எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. அதனால் அவசரத்திலும் செய்யக்கூடியதாக ஒன்றிரண்டு சொல்கிறேன்.

தலையாரியை மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு எல்லைக்கல் தெரியும், அவ்வளவுதான். ஆடு வைத்திருக்கும் யாராவது ஒரு பெண்பிள்ளையைக் கேளுங்கள். எந்த மாதம் எங்கே ஓட்டுவாய் அம்மா என்று ஒரு கேள்வி போதும், பன்னிரண்டு மாத அடங்கலும் கால் மணியில் வந்துவிடும், என் அடங்கலைவிட ஒழுங்காக. வேளாளர் தெரு, சேரி, மீன் பிடிக்கிறவர் வீடு என்று மூன்று இடத்தில் கேட்டால் மூன்று வேறு வரைபடம் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், முரண்பட்டால் முரண்படுகிறது என்றே எழுதுங்கள். அவகாசம் கிடைத்தால் ஒரு புல எண்ணுக்காவது புகைப்படத்தைச் சித்திரையில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று இரண்டு இணையுங்கள். மேலதிகாரி கேட்டால் ஒப்பீட்டுக்கு என்று சொல்லுங்கள், அந்தச் சொல் அவர்களுக்குப் பிடிக்கும். எவருமில்லை என்று எழுத வேண்டி வந்தால் ‘விசாரித்த நாள்’ என்று தேதியையும் பக்கத்தில் போடுங்கள். தேதி போட வேண்டும் என்றால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

கோடையில் போகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டே போகலாம், வெடிப்பில் கால் இடறாமல் இருந்தால் சரி. ஐப்பசியில் போகிறவர்கள் வண்டியையும் செருப்பையும் மதகடியில் விட்டுவிடுங்கள். அங்கிருந்து மேய்க்கால் வரை வரப்புதான், களிமண், வழுக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்